செந்தலைக் கிளியும் கல்பாசியும்: தருமபுரி மலைக்காடுகளில் இரு உயிர்களின் ஒப்பாய்வு

உயிரியலில் ஒப்பீடு என்பது பெரும்பாலும் நெருங்கிய உறவுடைய இனங்களுக்கிடையே நிகழ்வது; ஒரு கிளியை இன்னொரு கிளியோடும், ஒரு பூஞ்சையை இன்னொரு பூஞ்சையோடும் வைத்துப் பார்த்து, எங்கே ஒத்தன, எங்கே பிரிந்தன என்று காண்பதே வழக்கம். முதுகெலும்புள்ள ஒரு பறவையையும், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஓருடலாக வாழும் ஒரு லைக்கனையும் அருகருகே நிறுத்துவது அந்த வழக்கத்துக்குப் புறம்பானது. ஆயினும் தருமபுரி மாவட்டத்தின் மலைக்காடுகளில் இந்த இரண்டுக்கும் பொதுவான இருப்பிடம் ஒன்று உண்டு: அது முதிர்ந்த மரம். செந்தலைக் கிளி அதன் பொந்தில் முட்டையிடுகிறது. கல்பாசி அதன் பட்டையில் படர்கிறது. இரண்டையும் மனிதர் நெடுங்காலமாகக் காட்டிலிருந்து எடுத்துவந்திருக்கின்றனர். ஆனால் அறிவியலும் சட்டமும் இவ்விரண்டுக்கும் அளித்த கவனம் சமமானதல்ல. அந்த வேறுபாட்டுக்கு உயிரியல் காரணம் எவ்வளவு, மனிதரின் விருப்பு எவ்வளவு என்று பிரித்தறிவதே இவ்வொப்பீட்டின் பயன்.

1965ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து உருவாகி, 2004இல் கிருஷ்ணகிரியைத் தனி மாவட்டமாகப் பிரித்துக் கொடுத்த தருமபுரி, ஏறத்தாழ 4,500 சதுர கிலோமீட்டர் பரப்புடையது; அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வனநிலம். மேற்கே காவிரியை ஒட்டிய பென்னாகரம், ஒகேனக்கல் காடுகள் வெப்பமும் வறட்சியும் மிக்கவை. அங்கே ஆச்சா மரமும் ஆற்றங்கரை நீர்மருதும் ஓங்கி நிற்கின்றன. கிழக்கே அரூரை அடுத்த சித்தேரி மலையும், தருமபுரி நகருக்கு அண்மையிலுள்ள வத்தல்மலையும் ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரம் கொண்டவை. இரவுப் பனியும் காலை மூடுபனியும் அங்கு வேனில் தவிர்ந்த மாதங்களில் இயல்பு. கிளிக்கு இந்த இரு வகைக் காடுகளும் ஏற்றவை. கல்பாசிக்கு உயர்ந்த, ஈரக் காற்றுள்ள சரிவுகளே உகந்தவை. ஒப்பீட்டின் களம் ஆகவே பெரும்பாலும் மலைகளின் மேற்பகுதியாகவே அமைகிறது.

செந்தலைக் கிளி இந்தியத் துணைக்கண்டத்துக்கே உரிய ஒரு சிறு கிளி. 1766இல் லின்னேயஸ் இதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். நெடுங்காலம் சிட்டாகுலா சயனோசெஃபலா என்று வழங்கிய அது, மரபணு ஆய்வுகளுக்குப் பின் ஹிமாலயாப்சிட்டா என்னும் பேரினத்தில் சிலரால் வைக்கப்படுகிறது. அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை ஏறத்தாழ 33 முதல் 36 செ.மீ. இருந்தாலும் அதில் பாதிக்கு மேல் வாலே என்பதால், உடல் மைனாவைவிடச் சிறியது. ஆணின் தலை நாவற்பழமும் செம்மையும் கலந்த நிறம், கழுத்தில் கருவளையம், தோளில் அரக்குத் திட்டு. பெண்ணின் தலை நீலச் சாம்பல், கழுத்தில் மஞ்சள் வளையம். ஊருக்குள் காணும் பச்சைக் கிளியின் கீச்சலைவிட இதன் குரல் மென்மையானது. கூட்டமாகப் பறக்கும்போது அக்குரலாலேயே முதலில் அறியப்படுவது. இந்தியாவின் மிகச் சிறிய கிளி இதுவன்று. தலைகீழாகத் தொங்கி உறங்கும் 14 செ.மீ. நீளமுள்ள சின்னக்கிளியே அது. ஆனால் அதற்கு ஈரக் காடு வேண்டும். தருமபுரியின் இலையுதிர் காட்டுக்குச் செந்தலைக் கிளியே உரியது.

கல்பாசி என்று மளிகைக் கடையில் விற்பது ஒரே இனமன்று. பார்மோட்ரெமா என்னும் பேரினத்தின் பல இனங்களும் வேறு சில லைக்கன்களும் கலந்த சரக்கு அது. நூல்களில் பெரும்பாலும் பார்மோட்ரெமா பெர்லாட்டம் என்று குறிக்கப்பட்டாலும், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் நடுத்தர உயரங்களில் பரவலாகக் கிடைப்பதும் கடைச் சரக்கில் அடிக்கடி காணப்படுவதுமான பார்மோட்ரெமா டிங்க்டோரம் என்னும் இனமே இங்கு ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. அகன்ற மடல்களை உடைய சாம்பல்நிறத் தட்டாக இது பட்டையிலும் பாறையிலும் படர்கிறது; அடிப்புறம் கறுப்பு, விளிம்பை ஒட்டிப் பழுப்பு. பெர்லாட்டத்தின் மடல் ஓரங்களில் கண்ணிமை போன்ற கரிய மயிர்கள் உண்டு, இதற்கு இல்லை. ஐயம் எழுந்தால், உட்பகுதியில் ஒரு துளி சலவைத்தூள் கரைசல் விட்டுப் பார்ப்பது லைக்கன் ஆய்வாளரின் பழைய முறை: டிங்க்டோரத்தில் உள்ள லெக்கனாரிக் அமிலம் உடனே சிவக்கும்.

லைக்கன் என்பது தாவரமன்று. வடிவத்தைத் தருவது பூஞ்சை. அதன் இழைகளுக்கிடையே ட்ரெபூக்ஸியா போன்ற ஒற்றைச் செல் பச்சைப் பாசிகள் வாழ்ந்து, ஒளிச்சேர்க்கையால் சர்க்கரை ஆக்கித் தருகின்றன. இந்த உண்மையை 1867இல் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் முன்வைத்தபோது அக்கால லைக்கன் அறிஞர்கள் பெரும்பாலோர் அதைக் கேலி செய்தனர். அவர்களுள் முதன்மையானவர் பின்லாந்தில் பிறந்து பாரிசில் வாழ்ந்த வில்லியம் நைலாண்டர். டிங்க்டோரம் என்ற பெயரை 1872இல் முறைப்படி நிலைநாட்டியவரும் அவரே. தாம் பெயரிட்ட உயிர் இரண்டு உயிர்களின் கூட்டு என்பதை 1899இல் இறக்கும்வரை அவர் ஏற்கவில்லை என்பது அறிவியல் வரலாற்றின் சுவையான முரண்களில் ஒன்று. 1974இல் மேசன் ஹேல் இந்த இனத்தைப் பார்மோட்ரெமாவுக்கு மாற்றினார். 2016இல் டோபி ஸ்பிரிபில் குழுவினர், சில லைக்கன்களின் மேற்தோலில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை மூன்றாவது கூட்டாளியாக இருப்பதைக் காட்டிய பின், 'ஓர் இனம்' என்ற சொல்லே லைக்கனுக்கு எந்த அளவு பொருந்தும் என்ற விவாதம் மீண்டும் எழுந்தது. பெயரிடல் விதிகள் இச்சிக்கலை எளிதாகத் தாண்டுகின்றன: லைக்கனின் பெயர் அதிலுள்ள முதன்மைப் பூஞ்சையின் பெயர், பாசிக்குத் தனிப் பெயர்.

நிறத்தில் தொடங்கினால் ஒப்பீடு எதிர்பாராத பலன் தருகிறது. கிளியின் பச்சையில் பச்சை நிறமி எதுவும் இல்லை. கிளிக் குடும்பத்துக்கு மட்டுமே உரிய சிட்டாகோஃபுல்வின் என்னும் மஞ்சள் நிறமியும், இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கண்ணுக்குப் பச்சையாகின்றன. பல பறவைகள் சிவப்பையும் மஞ்சளையும் உணவிலிருந்து பெறுகையில், கிளி தன் நிறமியைத் தானே ஆக்கிக்கொள்கிறது. கல்பாசியின் நிலை நேர்மாறு. அதனுள்ளே உண்மையான பச்சையம் இருந்தும், உலர்ந்த நேரத்தில் மேற்தோலில் படிந்த அட்ரனாரின் படிகங்கள் அதை மறைத்துச் சாம்பலாகக் காட்டுகின்றன. மழை பட்டுத் தோல் ஊறியதும் ஒளி உள்ளே புக, சில நிமிடங்களில் தட்டு முழுதும் பசுமை ஏறுகிறது.

கோடையை எதிர்கொள்ளும் முறையில்தான் இவ்விரண்டின் வாழ்க்கை மிகத் தெளிவாகப் பிரிகிறது. தருமபுரியில் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மி.மீ.; அது தென்மேற்குப் பருவம் தொடங்கி வடகிழக்குப் பருவம் முடியும்வரை பரவிப் பெய்கிறது; பின்னர் வரும் மாதங்களில் காடு இலை உதிர்த்து நிற்கும். அப்போது கிளி இடம் பெயர்கிறது. நிலையான வலசைப் பாதை அதற்கு இல்லை. எங்கே முருக்கு பூத்தது, எங்கே ஆலும் அத்தியும் பழுத்தன, எந்தச் சரிவில் சோளம் கதிர் பிடித்தது என்பதைத் தொடர்ந்து கூட்டம் நகர்கிறது. பூவிதழையும் தேனையும் மொட்டையும் விதையையும் உண்ணும் பறவை அது. விதையைப் பரப்புவதைவிட உடைத்துத் தின்பதே மிகுதி என்பதால், மரத்துக்கு அதனால் நன்மை மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. கல்பாசி எங்கும் போவதில்லை. தன் வாழ்வையே நிறுத்திவைக்கிறது. அதற்கு வேர் இல்லை, நீரைத் தேக்கும் உறுப்பு இல்லை. காற்றின் ஈரம் எவ்வளவோ அவ்வளவே அதன் உடலின் ஈரம். நடுப்பகலில் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்து, சுவாசமும் ஒளிச்சேர்க்கையும் கிட்டத்தட்ட நின்றுவிட்ட நிலையில், இரவுப் பனியில் நனைந்து, விடியலில் வெயில் ஏறும்வரையான ஓரிரு மணி நேரம் மட்டும் அது உழைக்கிறது.

இந்தக் குறுகிய உழைப்பு நேரத்தின் விலை மெதுவான வளர்ச்சி. இவ்வகை மடல் லைக்கன்கள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே விரிகின்றன; உள்ளங்கை அகலமுள்ள ஒரு தட்டு பத்தாண்டை ஒட்டியோ கடந்தோ வயதுடையதாக இருக்கும். கிளியின் காலக்கணக்கு வேறு. தென்னிந்தியாவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இணை சேர்ந்து, பொந்தில் நான்கு முதல் ஆறு முட்டை இட்டு, குஞ்சு பொரித்து, அடுத்த மழைக்குள் குஞ்சுகளைப் பறக்கவிட்டு முடித்துவிடும். ஒரு பருவம் கெட்டாலும் அடுத்த பருவத்தில் ஈடுசெய்ய அதற்கு வழியுண்டு. டிங்க்டோரமோ பெரும்பாலும் பாலிலா இனப்பெருக்கத்தையே நம்புகிறது: மேற்பரப்பில் முளைக்கும் ஐசிடியா எனப்படும் நுண்ணிய காம்புகள் உடைந்து, காற்றாலும் மழைநீராலும் பூச்சிகளின் கால்களாலும் பரவுகின்றன, ஒவ்வொரு காம்பிலும் பூஞ்சையும் பாசியும் சேர்ந்தே இருப்பதால் புதிய இடத்தில் துணை தேட வேண்டியதில்லை. கிளிக் குஞ்சு ஒவ்வொன்றும் புதிய மரபணுக் கலவை. ஒரு மரத்திலிருக்கும் நூறு பாசித் தட்டுகளோ ஒன்றின் நகல்களாகவே இருக்கக்கூடும். ஆகவே எண்ணிக்கையை வைத்துக் கல்பாசியின் நலத்தைக் கணிப்பது, கிளியின் நலத்தைக் கணிப்பதைவிட எளிதில் ஏமாற்றக்கூடியது.

இரண்டையும் இணைக்கும் முதிர்ந்த மரத்துக்கு இனி வரலாம். கிளியின் அலகு மென்மரத்தைச் சற்றே குடையும் வலிமையுடையதே தவிர, மரங்கொத்தியின் அலகைப் போன்றதன்று. இயற்கையாக விழுந்த பொந்தையோ, மரங்கொத்தி கைவிட்ட துளையையோ அகலமாக்கித்தான் அது கூடாக்குகிறது. பொந்து விழ மரத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆக வேண்டும், கிளை முறிந்து உள்மரம் உளுத்திருக்கவும் வேண்டும். வனவியல் கணக்கில் அத்தகைய மரம் 'குறையுள்ளது', வெட்டத் தக்கது. கல்பாசிக்கும் உரியாமல் நிலைத்த, சொரசொரப்பான, வெளிச்சம் படும் பழைய பட்டையே தேவை. ஆண்டுதோறும் பட்டை உரிக்கும் தைல மரத்தில் அது காலூன்ற முடியாது. வத்தல்மலையின் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக விடப்பட்ட மரங்கள் லைக்கனுக்கு ஓரளவு இடம் தருகின்றன. ஆனால் வரிசையாக நடப்பட்ட இளம் சில்வர் ஓக் மரங்களில் கிளிக்குப் பொந்து கிடைப்பது அரிது. பட்டை முதலில் வருகிறது, பொந்து வெகு பின்னால் வருகிறது. எனவே லைக்கன் செழித்த தோட்டம் என்பதால் அதைக் காட்டுக்கு ஈடாகக் கருதுவது பிழை. பட்டையிலும் கிளையிலும் படர்ந்த லைக்கன் பிற பறவைகளுக்குக் கூடு கட்டும் பொருளும் ஆகிறது. மின்சிட்டு வகைகள் சிலந்தி நூலால் லைக்கன் துணுக்குகளைக் கூட்டின் வெளிப்புறத்தில் ஒட்டிக் கிளையோடு கிளையாக மறைக்கின்றன. செந்தலைக் கிளி அவ்வாறு எதையும் பயன்படுத்துவதில்லை. இரண்டும் ஒரே மரத்தில் வாழ்ந்தும் ஒன்றையொன்று அறியாதவை.

மனிதரின் பார்வையில் இவற்றின் இடம் தொடக்கம் முதலே வேறு. அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர் நாடாக இருந்த இந்நிலப்பகுதியும் அதைச் சூழ்ந்த மலைகளும் சங்க இலக்கியத்தின் குறிஞ்சி வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையவை. அவ்விலக்கியத்தில் தினைப்புனம் காக்கும் பெண் பரண்மீது நின்று, தட்டை, தழல், குளிர் முதலிய கருவிகளால் கிளியோட்டுவது காதல் தொடங்கும் களமாகவே ஆகிவிட்டது. வள்ளி கதையின் ஆலோலமும் அதன் தொடர்ச்சியே. இன்றும் சித்தேரி, வத்தல்மலைப் பகுதிகளில் மலையாளிப் பழங்குடியினர் விளைவிக்கும் சாமைக்கும் கேழ்வரகுக்கும் பறவைக் காவல் தேவைப்படுகிறது. பயிருக்குப் பகையாகவும் வீட்டுக்குச் செல்லமாகவும் ஒரே நேரத்தில் விளங்கிய பறவை வேறொன்று தமிழரிடையே இருந்ததாகச் சொல்ல முடியாது. மரப்பட்டையின் லைக்கனுக்கு இலக்கியத்தில் இத்தகைய இடம் இல்லை. அதன் இடம் அஞ்சறைப் பெட்டியிலும் சித்த மருந்துக் கடையிலும்தான். செட்டிநாட்டுக் குழம்பிலும் பிரியாணி மசாலாவிலும் அது சேர்க்கப்படுகிறது. தனியே முகர்ந்தால் மண்வாடைதான், சூடான எண்ணெயில் பட்டபின்பே மணம் எழும்.

எடுக்கப்படும் முறையிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. கிளிக்குஞ்சு பொந்திலிருந்து எடுக்கப்படுகிறது. பொந்து எட்டாவிட்டால் மரமே வெட்டப்படுவதும் உண்டு. அவ்வாறானால் ஒரு பருவத்தின் குஞ்சுகளோடு இனி வரும் பருவங்களின் கூடும் போய்விடும். கல்பாசி கத்தியாலோ கையாலோ சுரண்டி எடுக்கப்பட்டு, உலர்த்தி, எடைக்கு விற்கப்படுகிறது. உலர்ந்த லைக்கனின் எடை மிகக் குறைவு; ஒரு கிலோ சேர்க்கப் பல மரங்களின் பல ஆண்டு வளர்ச்சியைச் சுரண்ட வேண்டும். வேரில்லாத உயிர் என்பதால், பட்டையோடு முழுதாகப் பெயர்த்தெடுத்த இடத்தில் மீண்டும் துளிர்க்க எதுவும் எஞ்சுவதில்லை. சேகரிப்பவருக்குக் கிடைப்பது சொற்பம், நகரத்துக் கடையில் விலை பன்மடங்கு என்பது மற்றச் சிறு வனப்பொருள்களின் கதையே.

சட்டம் இங்கே குறுக்கிடுகிறது. அது குறுக்கிடும் விதம் கூர்ந்து நோக்கத் தக்கது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கிளிகளை அட்டவணையில் சேர்த்தது. 1990-91 முதல் இந்திய நாட்டுப் பறவைகளின் வணிகம் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கிளிகள் இரண்டாம் அட்டவணையில் உள்ளன. அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் செந்தலைக் கிளி இடம்பெற்றுள்ளது. 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் பரப்புரையில் கடலூரில் ஒரு வேட்பாளருக்குக் கிளி ஜோசியம் பார்த்தவர்மீது வனத்துறை நடவடிக்கை எடுத்தபோதுதான், கூண்டுக் கிளி குற்றம் என்பதே பலருக்குத் தெரியவந்தது. தடை இருந்தும் வணிகம் நிற்கவில்லை. இந்தியாவின் 12 நாட்டுக் கிளியினங்களில் 8 தொடர்ந்து கள்ளச் சந்தையில் விற்கப்படுவதாக, வனவுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு பதிவுசெய்திருக்கிறது.

கல்பாசிக்கு இவற்றில் எதுவும் இல்லை. 1991இல் அதே சட்டத்தில் தாவரங்களுக்காகச் சேர்க்கப்பட்ட ஆறாம் அட்டவணையில் 2022ஆம் ஆண்டுத் திருத்தம்வரை இடம்பெற்றிருந்தவை ஆறு தாவரங்கள் மட்டுமே. லைக்கன் எதுவும் இருக்கவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருளை 'தாவர மூலம் கொண்ட' மரமல்லாத விளைபொருள் என்று வரையறுத்து, மூங்கில், தேன், மெழுகு, அரக்கு, மருந்துச் செடிகள் எனப் பட்டியலிடுகிறது. பூஞ்சைகள் தாவரங்களிலிருந்து தனி உலகமாக 1969இல் விட்டேக்கரால் பிரிக்கப்பட்டு அரை நூற்றாண்டு கடந்த பின்னும், சட்டத்தின் மொழியில் பூஞ்சைக்கு இடமில்லை. நடைமுறையில் கல்பாசி தாவரமாகவே பாவிக்கப்படுகிறது. மலைவாழ் மக்களின் சேகரிப்பு உரிமைக்கு அது நல்லதே. ஆனால் எவ்வளவு எடுக்கலாம், எந்த மரத்தில் எடுக்கக்கூடாது என்ற வரையறைக்கு அச்சட்டங்களில் எந்தப் பிடியும் இல்லை. கிளிக்குச் சட்டம் மிகுதி, செயல் குறைவு; கல்பாசிக்குச் சட்டமே இல்லை.

அறிவியலின் கவனமும் இதே சாய்வுடையது. உலகின் பறவையினங்கள் அனைத்தும் ஐ.யு.சி.என். செம்பட்டியலுக்காக மதிப்பிடப்பட்டுவிட்டன, செந்தலைக் கிளி அதில் 'குறைந்த கவலை' நிலையில் உள்ளது. இருபதாயிரம் அளவிலான லைக்கன் இனங்களில் மதிப்பிடப்பட்டவை மிகச் சொற்பம். இந்தியாவில் 2,700க்கும் மேற்பட்ட லைக்கன் இனங்கள் பதிவாகியுள்ளன. இத்துறைக்கு இங்கு அடித்தளமிட்டவர் லக்னோவின் டி. டி. அவஸ்தி, அங்குள்ள தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் லைக்கன் தொகுப்பே நாட்டின் முதன்மையான சேமிப்பு. தமிழ்நாட்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் பணியாற்றியிருக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் பொங்கல் நாள்களில் தமிழகமெங்கும் தன்னார்வலர்கள் நடத்தும் பறவைக் கணக்கெடுப்பைப் போல, லைக்கனுக்கு ஒன்று இல்லை. இது வியப்பன்று: கிளியைக் கண்ணாலும் காதாலும் அறியலாம், லைக்கனுக்கு உருப்பெருக்கியும் வேதிச் சோதனையும் வேண்டும். எனினும் டிங்க்டோரம் போன்ற பெரிய மடல் இனத்தைப் பயின்ற கண் எளிதில் இனங்காணும் என்பதால், இந்தச் சாக்குக்கு ஓர் எல்லை உண்டு.

காற்றின் தூய்மையைக் காட்டுவதில் கிளி கல்பாசிக்கு இணையாகாது. பாரிசின் லக்சம்பர்க் தோட்டத்தில் நகரப் புகையால் லைக்கன்கள் மறைவதை 1866இல் சுட்டியவரும் முன்சொன்ன நைலாண்டரே. கந்தக டைஆக்சைடுக்கு மிகக் கூருணர்வுடைய டிங்க்டோரத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் நகரக் காற்றின் அளவுகோலாகவே பயன்படுத்தினர். கருங்கல் குவாரிகளும், தொப்பூர்க் கணவாயினூடே ஓயாது சரக்கு லாரிகள் ஏறியிறங்கும் நெடுஞ்சாலையும் உள்ள தருமபுரி மாவட்டத்தில் இந்த அளவுகோலுக்கு வேலை நிறையவே உண்டு.

லைக்கன் எங்கும் நன்மையே செய்வதன்று என்பதற்கும் இம்மாவட்டமே சான்று தருகிறது. செங்கம் - தருமபுரிப் பகுதி தமிழ்நாட்டின் நடுகற்கள் மிகுந்த நிலம். பல்லவர் காலம் தொட்டு ஆநிரை மீட்டு இறந்த வீரர்களுக்கு எழுப்பிய கற்கள் வயல்களிலும் காட்டோரங்களிலும் நிற்கின்றன. சில தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. திறந்தவெளியில் நிற்கும் கல்லில் மேலோட்டு லைக்கன்கள் பற்றிக்கொண்டு, இழைகளைக் கனிமத் துகள்களுக்கிடையே செலுத்தி, ஆக்சாலிக் அமிலத்தால் மேற்பரப்பைத் தளர்த்துகின்றன. வட்டெழுத்து மங்குவதில் வெயிலுக்கும் மழைக்கும் இணையாக அவற்றுக்கும் பங்குண்டு. சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போகும் என்பதால் அங்கு அவற்றை அகற்றுவது பயிற்சி பெற்றோரின் வேலை. மரத்தில் காக்க வேண்டியதும் கல்லில் விலக்க வேண்டியதுமாகிய உயிரை, கிளியைக் காப்பது போல் ஓர் அட்டவணை வரியால் மட்டும் காத்துவிட முடியாது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில், இனம் இனமாகப் பட்டியலிடும் பாதுகாப்பு முறை கிளிக்கு ஓரளவு பொருந்தியும் கல்பாசிக்கு அறவே பொருந்தாமலும் இருக்கிறது என்பதே இவ்வாய்வின் தீர்ப்பு. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட 686 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காவிரி தெற்கு வனவுயிர்ச் சரணாலயம் காவிரிக் காடுகளுக்குப் பரப்பளவில் ஒரு பாதுகாப்பு. சித்தேரிக்கும் வத்தல்மலைக்கும் அந்த எல்லை எட்டுவதில்லை. அங்கே வேண்டியது வேறு. தருமபுரி, அரூர் வனக் கோட்டங்களின் செயல்திட்டங்களில் பொந்துள்ள மரங்களைக் கழிவு மரமாகக் கருதாமல் எண்ணிட்டு விட்டுவைக்க வேண்டும். கல்பாசி சேகரிப்பை மலையாளி மக்களின் கிராம சபைகளே முறைப்படுத்தி, ஒவ்வொரு தட்டிலும் பாதியை மரத்திலேயே விட்டு, ஒரு சரிவில் எடுத்தபின் சில ஆண்டுகள் ஓய்வு தரும் ஏற்பாட்டை வகுக்க வேண்டும். காற்றில் முறிந்து விழும் கிளைகளில் கிடைக்கும் கல்பாசியை முதலில் எடுப்பது அதற்கு எளிய தொடக்கம். பொங்கல் கணக்கெடுப்புக்குச் செல்லும் பறவை ஆர்வலர்கள், கிளி வந்தமர்ந்த மரத்தின் பட்டையையும் ஒரு நிமிடம் பார்த்துக் குறித்துவந்தால், தருமபுரி மலைகளின் முதல் லைக்கன் கணக்கெடுப்பு தனிச் செலவின்றியே தொடங்கிவிடும்.